மோல்மேன் பங்களா

பெரியப்பா லேமினேட் செய்து கொடுத்தனுப்பியிருந்தார்,
மடிப்பில் நாலாகப் பிரிந்துபோன தாளை.
"வீட்டுப் பத்திரம். பர்மா எழுத்து.
கண்டவன் கையில் கொடுத்துவிடாதே."
வியாசர்பாடி டிரங்குப் பெட்டியில்
ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்த தாள்.
அதைக் காட்டியே
ரெண்டு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள்.

நிலப்பதிவு அலுவலகக் குமாஸ்தா
பழைய பேரேடெல்லாம் குண்டில் எரிந்தது என்றார்.
மறுநாள், கரையான் என்றார்.
மூன்றாம் நாள், அடுத்த வாரம் வரச் சொன்னார்.
மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

சரி, வீட்டையே படிப்போம் என்று வந்தேன்.
மழை நின்றபாடில்லை.
கீழ் மெயின் ரோட்டில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி
தேக்குத் தூண்களில் நின்றது.

முன்கூடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் ரிப்பேர்.
முன்பு வீடியோ கொட்டகை:
சுவரில் திரையளவு வெளுப்பு மிச்சம்.
அதற்கு முன் கூட்டுறவுக் கடை,
தரையெல்லாம் எண்ணெய்ப் பீப்பாய் வட்டங்கள்.
அதற்கும் முன்
ஜப்பான்காரன் குதிரை கட்டினான் என்று
எதிர்க்கடைக்காரர் கண்ணால் கண்டதுபோல் சொல்கிறார்.
அவர் பிறந்தது அறுபதில்.

பச்சையைச் சுரண்டினால் நீலம்.
நீலத்தைச் சுரண்டினால் சுண்ணாம்பு.
சுண்ணாம்புக்குள்
துருப்பிடித்த ஆணிகள், வரிசை வரிசையாக,
ஒவ்வோர் ஆணிக்கும் மேலே பர்மா எண்.
ஒன்றிலிருந்து நூற்றெண்பது வரை.

ஒரு குடும்பத்துக்கு எதற்கு இத்தனை ஆணி?
பள்ளிக்கூடமாய் இருந்திருக்கும்,
பிள்ளைகள் பை மாட்டியிருப்பார்கள் என்று
நோட்டில் எழுதினேன்.
பிறகு நிமிர்ந்து பார்த்தேன்:
எனக்கே எட்டாத உயரம்.
பக்கத்தில் ஒரு ஜன்னல், கம்பி வலை போட்டது,
நடுவில் ஓட்டை,
ஒரு கை மட்டும் நுழைந்து வரும் அளவு.
பள்ளிக்கூடத்தை அடித்தேன்.

பின்கட்டில் குடியிருக்கும் டோ கின் மியா
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.
வரி வரியாய் வாசித்தார்,
ரிப்பேர்க்காரப் பையன் இந்தியில் சொன்னான்:

எண் இருநூற்றுப் பதினொன்று.
மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று, மூடி இல்லை.
பதினெட்டு ரூபாய்.
ஆயிரத்து முந்நூற்று மூன்று, பியாதோ, வளர்பிறை எட்டு.
ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் ஏலம்.
வைத்தவர்: யெங்கம்மா.

விரல்விட்டு எண்ணினேன்.
ரங்கூனில் குண்டு விழுந்து மூன்றாம் நாள்.
ஓடுவதற்கு யாரோ
பதினெட்டு ரூபாய் புரட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இந்த ஊர் நாக்கில் ர, ய ஆகிவிடும்.
யெங்கம்மா, ரெங்கம்மா.
கொள்ளுத்தாத்தா மாசிலாமணியிலிருந்து
நேற்றுப் பிறந்த குழந்தைவரை
சார்ட் பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன்.
அதில் ரெங்கம்மா இல்லை.

இருநூற்றுப் பதினொன்றுக்கு ஆணி கிடையாது.
கனமான சாமானைத் தரையில் வைத்திருப்பார்கள்.
டார்ச் அடித்துப் பலகைகளைப் பார்த்தேன்.
பள்ளங்கள் இருந்தன,
நாலு நாலாய், மூணு மூணாய்,
ஒன்றன்மேல் ஒன்றாய்,
பீரோ, குதிரை, பீப்பாய், எது வேண்டுமானாலும்.
ஒன்றைத் தொட்டு இதுதான் என்று சொல்ல
மனசு வரவில்லை.

ராத்திரி போன் செய்தேன்.
"வீடு இருக்கா?"
இருக்கு.
"நம்ம பேர்லதானே?"
பெரியப்பா, ரெங்கம்மா யாரு?

கொஞ்ச நேரம்
அந்தப் பக்கம் டி.வி. மட்டும் பேசியது.
அதையும் அணைத்தார்.

"ரூம் எத்தனைன்னு எண்ணினியா?"

நாலு.

"அஞ்சுன்னு அப்பவே சொன்னேனே.
ஒண்ண இடிச்சிருப்பானுங்க."