பத்தொன்பது

மண்டபம் வடக்குக் கரை.
ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஓர் அறை.
உள்ளே ஒரே கம்ப்யூட்டர், அதற்கு நாலு மூளை.
ஏசி அதற்கு. மின்விசிறி எனக்கு.

ராத்திரி பதினொன்றரைக்கு
டாப் என்று தட்டுவேன்.
யார் யார் எவ்வளவு தின்கிறார்களென்று
கறுப்புத் திரையில் வரிசை வரும்.

முதலில் அலைக்கணக்கு.
மிதவை அனுப்பும் எண்களை அரைத்து அரைத்து
விடியுமுன் ஒரு படம் தரும்.
எங்கே கடல் எத்தனை அடி,
நீவாடு எந்தப் பக்கம்.
ஐந்து மணிக்குள் அது வந்தால்தான்
டோக்கன் கொடுக்கும் ஜன்னல் திறக்கும்.

கடைசியில் ஆவுளியா.
தொண்டிக்காரர் ஜொஹரா பீவி
ஆறு மாதம் தண்ணீருக்கடியில் பதிந்த ஒலியை
ஒரு புரோகிராமிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.
கடற்பாசி உரசும் சத்தம்,
விசைப்படகுச் சத்தம்,
நடுவில் எங்காவது
ஒரு கடற்பசு கூப்பிடுகிறதா, கேள்.
அவரே அதற்கு
நைஸ் பத்தொன்பது போட்டார்.

நைஸ் என்றால் விட்டுக்கொடுப்பது.
எண் ஏற ஏற இடம் இறங்கும்.
கழித்தல் இருபது முதல் பந்தி.
பத்தொன்பது,
பந்தி முடிந்து அண்டாவில் ஒட்டியிருப்பது.

இதில் ஒரு விதி.
தன்னைத் தாழ்த்திக்கொள்ள
யாரையும் கேட்க வேண்டாம்.
தாழ்ந்தபின் ஒரு படி ஏற
ரூட் வேண்டும்.

பதினோராம் நாள் போன் வந்தது.
"நான் போட்ட பத்தொன்பதுதானே தம்பி,
நானே பத்தாக்குனா அனுமதி இல்லங்குது?"
"எறங்குறது உங்க இஷ்டம்க்கா.
ஏறுறது இங்கேருந்துதான்."
சொல்லும்போது என் குரல்
தாலுகா ஆபீஸிலிருந்து வந்தது.

ரூட் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
அக்கா கல்யாண வீடியோவைச் சுருக்க
கழித்தல் பதினைந்து கொடுத்தேன்.
ஒரே தடவை. ஒரே வரி.
மெஷின் முகம் சுளிக்கவில்லை.
அலைப்படம் வந்தபோது மணி ஐந்து இருபத்திரண்டு.
ஜெட்டியில் நாற்பது படகு எஞ்சினை அணைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.
"என்னப்பா, கடலு இன்னிக்கு
லேட்டா எந்திரிச்சுச்சோ?" என்றார் தொம்மை.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.
வீடியோவில் தாலி கட்டும் இடம்
அவ்வளவு துல்லியம்.

மார்கழியில் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
டோக்கன் இல்லை.
பாலத்தில் காற்று அளவு தாண்டியதால்
ரயில் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
ஜன்னல் வழியாகப் பார்த்தால்
வெளிச்சம் போட்ட பெட்டிகளில்
ஆட்கள் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
மிதவை பேச்சை நிறுத்தியது.
எண் வராமல் அலைக்கணக்கு தூங்கிப்போனது.

டாப் தட்டினேன்.
ஆவுளியா, முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது சதவீதம்.
அதே பத்தொன்பது. நான் எதையும் தொடவில்லை.
பந்தியே இல்லாத மண்டபத்தில்
முழு அண்டாவும் அதற்கு.

மூன்று பத்துக்கு
கோப்பில் ஒரு வரி விழுந்தது.
புரட்டாசித் தேதி ஒன்று, ஒரு நொடி எண்.
ஹெட்போனை மாட்டினேன்.
முதலில் இரைச்சல். அப்புறமும் இரைச்சல்.
அப்புறம்
நானூறு கிலோ உடம்புக்குள்ளிருந்து
கிளிக்குஞ்சின் குரல், ரெண்டே நொடி.
திரும்ப ஓட்டினேன். திரும்ப.

ஜொஹரா பீவி முதல் மணியிலேயே எடுத்தார்.
கேட்டு முடித்து வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "ரூட் போட்டீங்களா தம்பி?"
"இல்லக்கா. கடல் மூடியிருக்கு."

மூன்றாம் நாள் கூண்டு இறங்கியது.
மிதவை பேசத் தொடங்க,
அலைக்கணக்கு எழுந்து வந்து இலை போட்டது.
ஆவுளியா ஒரு வார்த்தை சொல்லாமல்
நகர்ந்து நகர்ந்து கொடுத்தது.
முன்னூறு. நூற்றிருபது. நாற்பது. ஆறு.

கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது.
ரீநைஸ் என்று தட்டி
எண் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
மணி நாலே முக்கால்.
ஜெட்டியில் யாரோ எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறார்கள்.