சான்றுப்பொருள் எண் நான்கு

எண் ஒன்று நீதிமன்றத்துக்கு வரவில்லை,
வரவும் கூடாது என்றார்கள்.
பதிலுக்கு ஒரு புகைப்படம்:
பேனா மூடியளவு சாம்பல் உருளை,
அளவு தெரிய அருகே ஒரு தீக்குச்சி.
வெறும் படம்தான்.
ஆனாலும் நீதிபதி குல்பர்ஷின்
நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.
அதை நான் பதிவில் ஏற்றவில்லை.

தெமிர்த்தாவ் நகர நீதிமன்றத்தில் எழுத்தர் நான்.
காதில் விழுவதைத் தட்டச்சு செய்கிறேன்.
பெருமூச்சுக்கென்று தனி விசை கிடையாது.

ஆலைக்காரர்கள்
சீசியம் வைத்த ஈயப்பெட்டியைப் பூட்டாத வண்டியில் அனுப்பினார்கள்,
எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிவிட்டு.
மஞ்சள் முக்கோணம் ஒட்டிய வண்டியை
எந்தச் சாப்பாட்டுக்கடை வாசலிலும் நிறுத்த விடுவதில்லையாம்.
ஓட்டுநர் ஆட்டுச் சூப் குடித்து முடிப்பதற்குள்
பெட்டி போயிற்று.

எடுத்தவர் ஒரின்பாய், வேலை போன வெல்டர்.
அவருக்கு வேண்டியது ஈயம்.
பால்காஷ் ஏரி உறைந்ததும் பனியில் துளையிட்டுத் தூண்டில் போட
ஈயக்குண்டு வார்க்கலாமே.
"எத்தனை குண்டு?" அரசு வழக்கறிஞர்.
"முந்நூறு தேறும். அறுபது எனக்கு, மிச்சம் விக்க."
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு என்று தட்டச்சு செய்தேன், அதற்கு இடமுண்டு.

பெட்டியை அறுத்தார். உள்ளே இருந்ததை
வெறுங்கையால் எடுத்துப் பார்த்தார், ஜன்னலோரம் வைத்தார்.
நாலாம் நாள் வானொலியில் சொன்னார்கள்.
ஏரியில் எறிந்திருக்கலாம்.
பக்கத்துவீட்டுக் குப்பையில் போட்டிருக்கலாம்.
அவர் மகனின் பனிச்சறுக்குப் பலகையில் அதை வைத்து,
நீளக் கயிறு கட்டி,
ஏழு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே
காவல் நிலையத்துக்கு நடந்தார்,
எதிரே வந்தவர்களையெல்லாம்
தள்ளிப் போ, தள்ளிப் போ என்று திட்டியபடி.

அந்தக் கயிறுதான் எண் நான்கு.
துணிக்கொடி, கார் இழுக்கும் கயிறு, ஆடு கட்டும் கயிறு,
கடைசி முடிச்சில் திரைச்சீலை நாடா.
இரண்டு ஊழியர்கள் அதை விரித்து அளந்தார்கள்.
கூடம் போதவில்லை. கதவைத் திறந்தார்கள்.
படிக்கட்டில் இரண்டு படி இறங்கி முடிந்தது:
பதினெட்டு மீட்டர் நாற்பது.

"ஏன் இவ்வளவு நீளம்?"
"எவ்வளவு தூரம் போதும்னு யாரும் சொல்லலைங்க.
வீட்டுல இருந்த கயிறு அவ்வளவுதான்."

புத்தகத்தில் இரண்டு பக்கம்.
கதிர்வீச்சுப் பொருளைச் சட்டவிரோதமாக வைத்திருந்தவருக்கு
ஐந்தாண்டு வரை.
அதை அலட்சியமாக அனுப்பிய நிறுவனத்துக்கு
அபராதம்.
தேநீர் இடைவேளைக்குள் ஆலையின் கணக்காளர் கட்டிவிட்டார்.
முத்திரை தெளிவாக விழவில்லை என்று
ரசீதை மறுபடி கேட்டு வாங்கினார்.
தொகையை நான் வீட்டில் கணக்குப் பார்த்தேன்:
அந்த வண்டிக்கு இரண்டு குளிர்கால டயர்.

ஒரின்பாய்க்கு, தானாக ஒப்படைத்ததால்,
ஒன்றரை ஆண்டு. சிறையில்லை.
நகர எல்லையைத் தாண்டக் கூடாது.
ஏரி எல்லைக்கு அப்பால்.

தீர்ப்பின் கீழே கையொப்பம் வேண்டும்.
வலது கையில் பேனா நிற்கவில்லை.
அப்படியானால் கைரேகை என்றேன், விதி அதுதான்.
கட்டைப் பிரித்தார்.
மைத்தாளில் வைத்து, காகிதத்தில் அழுத்தினார்.
நீலமாக ஒரு வட்டம். அதில் ஒரு கோடு இல்லை.
இன்னொரு விரல். அதிலும் இல்லை.
இடது கை.
"இதாலயும் தொட்டேன்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.
விதிப்படி ரேகை தெளிவாக இருக்க வேண்டும்.
நீதிபதியைப் பார்த்தேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
கைரேகை பெறப்பட்டது என்று தட்டச்சு செய்தேன்.

எல்லோரும் போன பிறகு அவர் மனைவி வந்தாள்.
கயிறு முழுசும் வேண்டாம்,
துணிக்கொடி மட்டும் அவிழ்த்துத் தர முடியுமா?
மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும், முப்பது நாள், என்றேன்.
சரி என்றாள்.
அதுவரை ஈரத்துணியை எங்கே போடுவது என்று
என்னிடம் கேட்கவில்லை,
தனக்குத்தானே கேட்டுக்கொண்டு படியிறங்கினாள்.