ஐந்து கால் ஆடு

சோபா சாம்பல் நிறம். திரைச்சீலையும் சாம்பல்.
அறைக்கு ஒரு சிவப்பு வேண்டும் என்றுதான்
ஷிராஸ் பஜாரில் இதை வாங்கினேன்.
கடைக்காரர் உதறி விரித்த வேகத்தில்
கண்ணாடிக் குவளையில் தேநீர் நடுங்கியது.
"கஷ்காய் நெசவு. சுத்தக் கம்பளி. மஞ்சிட்டி வேர்ச் சாயம்."
பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கதை:
மலை, கருப்புக் கூடாரம், திரும்பி வராத காதலன்.
கதைக்கும் சேர்த்தே விலை போட்டிருந்தார்.

வீட்டில் விரித்த பிறகுதான் கண்டேன்,
பாதியில் சிவப்பு மாறுகிறது
மாதுளை முத்திலிருந்து செங்கல்லுக்கு,
பேச்சை நடுவில் விட்டு எழுந்துபோன ஒருத்தி
வேறு குரலோடு திரும்பி வந்த மாதிரி.
ஓரத்தில் ஓர் ஆடு. அதற்கு ஐந்து கால்.

செங்கல் பக்கத்தை சோபாவுக்கு அடியில் தள்ளினேன்.
ஆட்டை மட்டும் மறைக்க முடியவில்லை.
விருந்தாளிகள் எண்ணிப் பார்த்துச் சிரிப்பார்கள்.
"கையால் நெய்தது" என்பேன்,
மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

கோடை நடுவில் ஃபிரிட்ஜ் நின்றது.
தர்பூசணி புளித்த மூன்றாம் நாள்
அய்வாஸ் வந்தான், கருவிப் பெட்டியோடு,
நாலு மாடி ஏறிய மூச்சோடு.
வாசலில் காலணியைக் கழற்றினான்.
அடுக்களைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டான்.
மண்டியிட்டான். மூலையைப் புரட்டி
முதுகுப்பக்க முடிச்சுகளைக் கட்டைவிரலால் தடவினான்,
கூட்டல் சரிபார்க்கிற கணக்கனைப் போல.

"ஐந்தாவது கால் என்னால் வந்தது."

தரையோடு படுத்த தறி. நாலு வயதில்
இழுத்துக் கட்டிய பாவின்மேல் ஓடியிருக்கிறான்.
துரத்திப் பிடித்து, அடித்து,
மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவள்
கால்களை எண்ணவில்லை.

கைபேசியில் தாயைக் கூப்பிட்டான்.
திரையில் குலாபத்தூன். பின்னால் ஏர்கூலர் இரைச்சல்.
கம்பளத்தைக் காட்டினேன்.
அவள் கண் கலங்கும், நானும் கொஞ்சம் கலங்கலாம்
என்று தயாராக நின்றேன்.
அவள் கேட்டாள்:
"எவ்வளவு கொடுத்தாய்?"

சொன்னேன். பாதியை.
அந்தப் பாதிக்கே
"கடைக்காரன் வாயில் இன்னொரு வரிசைப் பல் முளைக்கட்டும்" என்றாள்.

அந்தக் காதலன்? என்று இழுத்தேன்.

"எந்தக் காதலன்? எனக்கு ஃபிரிட்ஜ் வேண்டியிருந்தது.
சிவப்பு நூல் தீர்ந்தது. அடுத்த கொப்பரைக்கு
கிடைத்தது உப்புக் கிணற்றுத் தண்ணீர்.
யார் காத்திருப்பது? நெய்தேன், விற்றேன்."

அந்த ஃபிரிட்ஜைத்தான் எட்டு வயதில் அய்வாஸ்
திருகாணி திருகாணியாகப் பிரித்துப் போட்டிருக்கிறான்.
அதற்கும் அடி.
பிறகு ஒருநாள் திரும்பச் சேர்த்துவிட்டான்.
இரண்டு திருகாணி மிச்சம். ஓடியதாம்.

என் ஃபிரிட்ஜ் இருமி, முனகி, குளிர்ந்தது.
கூலி கேட்டேன். "உங்களிடம் போய்க் காசா?" என்றான்.
இரண்டாம் முறையும் அதையே.
மூன்றாம் முறை தொகையைச் சொன்னான். இங்கே வழக்கம் அது.
எண்ணிக் கொடுத்தேன்.
நான் சொல்லாமல் விட்ட பாதி
நாக்கடியில் கிடந்தது.

வைக்குமுன் குலாபத்தூன்:
"சோபாவை நகர்த்து, கனத்தில் கம்பளி சாகும்.
வருடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடு,
வெயில் ஒரு பக்கத்தையே தின்னாமல்.
இனி வேண்டுமென்றால் நேரே என்னிடம் கேள்.
நாலு கால் ஆட்டுக்கு ஒரு விலை.
ஐந்து காலுக்கு வேறு."

இரவில் தனியாக இழுத்தேன்.
செங்கல் சிவப்பு வெளியே வந்தது,
சோபாக் கால்கள் அழுத்திய இரண்டு குழிகளோடு.
வெறுங்காலை அதில் ஒன்றில் வைத்துப் பார்த்தேன்.
குதிகால் சரியாகப் பொருந்தியது.

அடுக்களையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது.
நாளைக்குத் தர்பூசணி வாங்க வேண்டும்.