இறுகிய திருகு

ஆனி முழுக்க
காவேரிப்பட்டணம் கூழ் ஃபேக்டரியில்
பெல்ட் மேல் வரும் பெங்களூராவில்
அழுகலைப் பொறுக்குவது என் வேலை.
திம்மராஜ் சுவிட்சைக் கொஞ்சம் கூட்டினால்
வண்டு துளைத்தது கண்ணுக்குத் தப்பும்.
குறைத்தாலோ
கை சும்மா நிற்கும், கண் செருகும்.
நடுவே ஒரு வேகம் இருக்கிறது.
அது எந்த எண் என்று திம்மராஜுக்கே தெரியாது.
எங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சம்பளம்.
நாகவேணி, ஷமீமா, நான்
முழங்கைப் பிசுக்கு போகாமலே
இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடினோம்.
டிக்கெட் கிழிப்பவன் மூக்கை உறிஞ்சிச் சொன்னான்:
"வந்துட்டாங்கப்பா மாம்பழ பார்ட்டி."

பெரிய படம்.
பத்து நிமிஷத்துக்குள் நாலு கார் வெடித்தது.
கதாநாயகன் நடந்தான், நின்றான், திரும்பினான்,
ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு முரசு.
அம்மா செத்தாள். அழுதான்.
கண்ணீர் வந்தது, கழுத்து நரம்பு வந்தது,
ஆள் மட்டும் வரவில்லை.
நாங்கள் அழ ஆரம்பிப்பதற்குள்
பனிமலை, சட்டையில்லாமல் ஒரு பாட்டு.
யாரோ சுவிட்சின் மேல் சாய்ந்துவிட்டார்கள்.
நல்லதும் அழுகலும் ஒன்றாய்க் கூழில் விழுந்தன.
நாகவேணி என் தோளில் வாய் பிளந்து தூங்கினாள்.
அத்தனை வெடிக்கும் அசையவில்லை.

இடைவேளைக்கப்புறம்
எப்படியோ தப்பி வந்தது ஒரு காட்சி.

அடகுக் கடை.
பேர் தெரியாத ஒருத்தி கம்மல் கழற்றுகிறாள்.
ஒன்று மேஜைமேல் இருக்கிறது.
மற்றதின் திருகு சுற்ற மாட்டேன் என்கிறது.
கடைக்காரன் பேப்பரைப் புரட்டுகிறான்.
"ஒரு நிமிஷம்ண்ணே, இறுகிப்போச்சு."
சிரிக்கப் பார்க்கிறாள்.
பாதியில் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
விரலில் எச்சில் தொட்டு மறுபடி திருகுகிறாள்.
காது சிவக்கிறது.
முரசு இல்லை.
ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது,
அந்தக் கடையிலா, எங்கள் தலைக்கு மேலா,
தெரியவில்லை.

அங்கேயே வெட்டியிருக்கலாம்.
வெட்டவில்லை.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
இருட்டறையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த
யாரோ ஒருவருக்கு
மணிக்கட்டு இருந்திருக்கிறது.

விசிலுக்கு வாயில் வைத்த விரலை
எடுக்க மறந்தான் முன்வரிசைப் பையன்.
ஷமீமா தன் காதைத் தொட்டாள்,
ஈர்க்குச்சி செருகிய துளையை.
நாகவேணி விழித்தாள்.
வெடிக்கு எழாதவள்
சத்தம் நின்றதற்கு எழுந்தாள்.
"என்னாச்சுடி?"
"திருகு வரலே."
அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது.

ஒரு மணிக்கு
தென்பெண்ணைப் பாலத்தில் நடந்து வரும்போது
கதாநாயகன் யாரைக் கொன்றான் என்று
மூவருக்கும் ஞாபகமில்லை.
கம்மல் கழன்றதா இல்லையா என்பதில்தான் சண்டை.
கழன்றிருக்கும் என்றேன் நான்.
கடைக்காரன் குறடு எடுத்து வந்திருப்பான் என்றாள் நாகவேணி.
ஷமீமா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"எச்சில் பத்தாது," என்றாள் பிறகு,
"தேங்காயெண்ணெய் விடணும்."

திங்கட்கிழமை
லாரி வரிசை கட்டி நின்றது.
திம்மராஜ் பெல்ட்டைக் கூட்டினான்.
பழம் உருண்டு, மோதி, கையைத் தாண்டி ஓடியது.
"அண்ணே!" என்று கத்தினாள் நாகவேணி,
"ஹீரோவை அனுப்பாதே,
அந்தப் பொம்பளையை அனுப்பு!"

அவனுக்குப் புரியவில்லை.
குறைத்துவிட்டான்.