ரிமோட் கிடைக்கவில்லை

திரையின் நடுவில் ஒரே ஒரு வரி:
ரிமோட் கிடைக்கவில்லை.
என் கையில்தானே இருக்கிறது, சவம்.

ஆனிக் காற்று பணகுடியைப்
புரட்டி எடுக்கிற ராத்திரி.
எதிர்வீட்டுத் தகரத்தின் மேல் ஏற்றிவைத்த கல்லுகூட
லேசாக நகர்கிற சத்தம்.
பேராச்சி சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
கொரியாக்காரன் கதையின் கடைசிப் பகுதிக்காக
வந்து உட்கார்ந்திருக்கிறாள்.
பதினைந்தைப் பார்த்து முடித்துவிட்டாள்.
அந்தப் பையன் தமிழில் அழுவான்,
வாய் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

முதலில் காற்றைத்தான் சந்தேகித்தேன்.
தொழில் புத்தி.
எண்பது மீட்டர் உயரத்தில் இறக்கை நின்றுபோனால்
வேறு யாரைக் கேட்பது?
மாடிக்குப் போய்க் கேபிளை இழுத்துப் பார்த்தேன்,
முருங்கைக் கொப்பில் உரசுகிறது, அறவில்லை.
ரௌட்டரில் பச்சை மூன்றும் எரிகின்றன.
டிவியின் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு
அந்தக் குச்சியைப் பிடுங்கினேன்,
அவித்த முட்டைச் சூடு.

உதவி எண்ணில் ஒரு பெண், பாடப்புத்தகத் தமிழ்.
"முப்பது நொடிகள் காத்திருங்கள், ஐயா."
எனக்கா சொல்ல வேண்டும்?
கன்வெர்ட்டர் பெட்டியை அணைத்துவிட்டு
உள்ளே தேங்கின கரண்ட் வடிகிறவரை
ஐந்து நிமிடம் கைகட்டி நிற்கிறவன்.
எண்ணினேன்.
பேராச்சியும் கூடவே எண்ணினாள்.
இருபத்திரண்டில் அவளுக்குக் கொட்டாவி.

செருகினேன். அதே வரி.
டிவியிலிருந்து கரண்ட் எடுக்காமல்
போன் சார்ஜரில் மாட்டினேன். அதே வரி.
வீடு வரைந்த பொத்தானைப் பத்து நொடி அமுக்கினேன்,
நகம் வெளுத்ததுதான் மிச்சம்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்கலாமா என்று
நான் யோசிக்கிற நேரம் அவள் கேட்டாள்:
"பேட்டரிய மாத்திப் பாத்தியளா?"

போன வருஷம் லெவிஞ்சிபுரத்தில்
இறக்கை திருப்புகிற மோட்டாரைக் கழற்றி,
சங்கிலியில் கட்டி இறக்கி,
வள்ளியூர்ப் பட்டறைக்கு வண்டியேற்றி அனுப்பிய பிறகு
சுண்டுவிரல் நீள ஃபியூஸ் ஒன்று
போயிருந்ததைக் கண்டுபிடித்தோம்.
அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

கடைத்தெரு அடைத்தாயிற்று.
"நாளைக்குப் பாப்போம்" என்றேன்.
"நாளைக்கு ராதாபுரத்துக்காரி
போனப் போட்டு முடிவச் சொல்லிருவா."

ஆணியில் என் ஹெல்மெட் தொங்கியது.
அதன் நெற்றி விளக்கைத் திறந்து
இரண்டை எடுத்தேன்.
மூன்றாவது மட்டும் உள்ளே கிடந்தது.

வரி மறைந்தது.
கொரியா மழையில் பையன் ஓடி வந்தான்.
அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன்.

காலையில் தூக்குவாளியை வாங்கும்போது
"என்னாச்சு?" என்றேன்.
"பொழச்சுக்கிட்டான். ஆனா
அவளுக்கு ஞாபகம் போயிருச்சு."

நூற்றுப் பதினேழாம் காற்றாலை.
உள்விளக்கு பழுது என்று போன மாதமே எழுதிக் கொடுத்திருக்கிறது.
வாசல் வெளிச்சம் கூடவந்து
முதல் தட்டோடு நின்றுகொண்டது.
அதற்கு மேலே ஏணி மட்டும்.

நெற்றியைத் தொட்டு அமுக்கினேன்.
மறுபடியும்.
பத்து நொடி விடாமல் அமுக்கினேன்.
அப்போதுதான் மழையில் ஓடி வந்த அந்தப் பையன்
கண்ணுக்குள் வந்தான்.

ஒரு கை இரும்பில், ஒரு கை நெற்றியில்,
யாருக்கோ சலாம் வைக்கிறவன் மாதிரி
தொங்கிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து சொரிமுத்து,
"அண்ணாச்சி, என்னாச்சு?"
அதையே கோபுரமும் மூன்று தடவை கேட்டது.

"ஒண்ணுமில்லல.
முப்பது செகண்டு பொறு."

எண்ணத் தொடங்கினேன்.
மேலே ஆனிக் காற்று
இரும்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
அடுத்த படி தெரிகிறதா, தெரிவதுபோல் இருக்கிறதா,
சொல்ல முடியவில்லை.

இருபத்திரண்டில்
எனக்கும் கொட்டாவி வந்தது.