மூன்றரை அடி

நூற்றிப் பன்னிரண்டு படங்கள் வேண்டும் என்றது பேங்க்.
எண் பொறித்த தகடு தெரிய வேண்டும்,
பக்கத்தில் ஓர் அடிக்கோல்,
நிழல் கூடாது, ஆள் கூடாது.

சிங்காநல்லூர் தாண்டி, நொய்யல் நாறும் திருப்பத்தில்
பதினாறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் மில்.
வாட்ச்மேன் சென்னியப்பன் சாவியைத் திருகிவிட்டு
"பாத்துக் காலு வைங்க அம்மிணி,
பாம்பு கீம்பு கெடக்கும்" என்றார்.

கார்டிங் மெஷின் ஒன்று முதல் இருபது வரை.
ஸ்பிண்டில்கள் பெட்டி பெட்டியாக.
அட்டை குத்தும் கடிகாரம், முள் ஆறு நாற்பதில்;
காலையா மாலையா என்று பட்டியல் கேட்கவில்லை.
கூரைமேல் சங்கு.
என் தூக்கத்தை மூன்றாக அறுத்த அந்த வாய்க்குள்
இப்போது குளவிக்கூடு.
அதற்கு எண் தொண்ணூற்றி ஏழு.

இங்கே வளர்ந்தவள் என்று யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் கூலியைக் குறைப்பார்கள்.

பிள்ளைக் கொட்டகை பட்டியலில் இல்லை.
கதவும் இல்லை, யாரோ பேர்த்துப் போயிருந்தார்கள்.
உத்தரத்தில் பதினோரு கொக்கிகள்.
எதில் என் தொட்டில் தொங்கியது என்று
தெரிந்ததுபோல் கொஞ்ச நேரம் நடித்துப் பார்த்தேன்.
ஃபிளாஷ் வெட்டியதும் எதிர்ச்சுவர் தெரிந்தது:
கல் பெஞ்சுக்கு மேலே, சுண்ணாம்பில்
வரிசையாக ஏழு கறைகள்.
ஒவ்வொன்றும் ஒரு தோசை அகலம்,
கறுத்து, வழவழத்து.

தேங்காயெண்ணெய்.
பத்து நிமிஷப் பால்நேரத்தில்
சாய்ந்து சாய்ந்து தலைகள் வைத்துப் போனது.

மூணு வயசு முட்டும் குடிச்சவ இவ என்று
அம்மா இன்னமும் ஊரெல்லாம் சொல்வாள்.
அதனால் எனக்குக் கொஞ்சம் ஞாபகம் உண்டு:
அவள் புருவத்தில் ஒட்டிய பஞ்சு,
ஊதினால் போகாதது.
பக்கத்தில் பொங்கியம்மா,
ஒற்றைக் கம்மலோடு ஒருத்தி, பெயர் வரவில்லை,
அவள் பிள்ளை எந்நேரமும் இருமும்.

அடிக்கோல் வைத்தேன். தரையிலிருந்து மூன்றரை அடி.
உட்கார்ந்து சாய்ந்தேன்.
மூன்றாவது கறையில் என் பின்தலை
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
கொசுதான் வந்தது.

பேங்க்காரர் தாமோதரன் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.
"சொவுத்து அழுக்கு எதுக்குங்க மேடம்,
இது ஏலத்துல வராதுங்களே?"
"லைட் டெஸ்ட்டுங்க."

இரவு அம்மாவுக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்து அரை மணி கழித்துக் குரல் வந்தது:
"எந்தூட்டுச் சொவுரு கண்ணு இது?
மொதல்ல ஒரு கோட்டு வெள்ளையடிக்கச் சொல்லு."

கூப்பிட்டுச் சொன்னேன்.
அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அட, நம்ம மில்லுக் கொட்டாயா?
அதுல என்ற தலை இருக்காது கண்ணு.
நான் உக்காந்ததே இல்ல.
உக்காந்தா தூங்கிப் போவேன்,
தூங்குனா அரை நாள் சம்பளம் போயிரும்.
நின்னுட்டேதான் குடுப்பேன் உனக்கு,
பெஞ்சுக்குப் பொறத்தால, சன்னலோரமாச் சாஞ்சு.
சாப்புட்டியா?"

செவ்வாய்க்கிழமை ஏலம். சாவி கைமாறிவிட்டது.

படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினேன்.
தள்ளத் தள்ள அதே இடத்துக்கே
நழுவி வந்து நின்றது.
கறைகளுக்கு மேலே நான்கு விரல் வெள்ளை,
அதோடு சுவர் முடிகிறது.