தொட்டி எண்

மூலைக்கரைப்பட்டிக்கு மேற்கே
செம்மண்ணை வழித்தெறிந்து போட்ட ஓடுதளம்.
வடகோடியில் நீலத்தொப்பிக்காரர்கள்,
எட்டு வருசமாய் நமக்குக் கூட்டாளிகள்.
தென்கோடியில் போன வெள்ளிக்கிழமையிலிருந்து
சாம்பல்தொப்பிக்காரர்கள்.
அவர்களும் கூட்டாளிகளே என்று
டெல்லியில் கையெழுத்தாகிவிட்டதாம்.
அவர்களுக்குள் ஆகாது.
நடுவில் ஒரு மஞ்சள் கோடு,
கோட்டின்மேல்
எரிபொருள் லாரியும் நானும்.

முதல்நாள் சண்டை குழாயில் தொடங்கிற்று.
அவன் இறக்கைக்குள் போன குழாய்
எங்கள் இறக்கைக்குள் வரக்கூடாது
என்றது வடக்கு.
தெற்கு பேசியது எனக்குப் புரியவில்லை.
மொழிபெயர்க்க வந்த பெனிட்டா,
பாளையங்கோட்டைக்காரி,
சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு சொன்னாள்:
"இவங்களும் அதேதான் சொல்லுதாவ."

மேற்பார்வை தளவாய் சார்
(பேர்தான் தளவாய்,
முன்பு நடத்தியது அரவை மில்)
இரண்டு குழாய் வாங்கிவந்தார்.
லாரிக்கு இடப்பக்கம் நீல நாடா கட்டியது,
வலப்பக்கம் சாம்பல்.
ஒன்றை ஒன்று உரசாதபடி
நடுவே ஒரு தகரம்.
தினமும் காலையில் ஒரு காகிதம்:
'குழாய்கள் கலக்கவில்லை.'
கீழே என் கையெழுத்து,
மா. மாசானம்.

தொட்டி ஒன்றுதான்.
அது மண்ணுக்கடியில் இருக்கிறது.
யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு இது புது ஏற்பாடில்லை.
எங்கள் ஊர் விலக்கில் கொம்பையா டீக்கடை.
அடுப்பு ஒன்று, பால் ஒன்று,
வடிகட்டுகிற துணியும் ஒன்று.
கண்ணாடி டம்ளர்கள் பலகைமேல்.
எங்களுடையவை பூவரசங் கிளையில்
கவிழ்ந்து தொங்கும்.
அப்பா குடித்ததும் தானே கழுவித்
தானே மாட்டுவார்.
அப்புறம் கேஸ் ஆகி, தாசில்தார் வந்து,
எல்லோருக்கும் காகிதக் கப் ஆயிற்று.
கொம்பையா சொன்னார்:
"கழுவுத வேலை மிச்சம்."

ஆடிக்காற்று கணவாயிறங்கி வந்த ராத்திரி
தகரம் பிய்த்துக்கொண்டு போய்
முள்வேலியில் கிடந்தது.
காலையில் பார்த்தால்
இரண்டு குழாயும் தரையில்
சாரையும் நல்லதுமாய்ப் பின்னிக் கிடக்கின்றன.

அரைமணி நேரத்தில்
கோட்டுக்கு அந்தப்பக்கம் பதினாலு பேர்,
இந்தப்பக்கம் பதினாறு.
மூன்று தொலைபேசிகள்.
ஒப்பந்தத்தையே முறிப்போம் என்று யாரோ சொல்ல
பெனிட்டா அதை மொழிபெயர்க்கவில்லை,
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
தளவாய் சார் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஏல மாசானம், எது எதுமேல பட்டுச்சு?"

எட்டு வயசில் இதே கேள்வி.
அவசரத்தில் பலகை டம்ளரில் கைவைத்துவிட்டேன்.
"எதலே தொட்ட?"
ஆறில் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.
தெரியாது என்றேன்.
ஆறையும் உடைத்தார்கள்,
ஆறுக்கும் அப்பா காசு கொடுத்தார்.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது தெரியும்.
நீலம் கீழே, சாம்பல் மேலே,
முனையில் ஒரு சொட்டு நின்றிருந்ததையும் பார்த்தேன்.
சொன்னால் ஒருவன் மூட்டை கட்டுவான்,
இன்னொருவன் தெற்கே கப்பலைத் திருப்புவான்.
முப்பது தொப்பிகளும் என் வாயைப் பார்த்து நின்றன.
கொஞ்சநேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.
பொய் சொல்லமாட்டேன்,
அது நல்லாயிருந்தது.

"இருட்டா கெடந்துச்சு சார். தெரியல."

இரண்டையும் வாளால் அறுத்தார்கள்.
தூத்துக்குடியிலிருந்து புதுசு வந்தது.
பில் டெல்லிக்குப் போயிற்று,
எங்கள் அப்பாவுக்கு யாரும் அனுப்பவில்லை.

மத்தியானம் வடக்கே நாலு கிளம்பிற்று,
தெற்கே மூன்று.
சத்தம் அடங்கியதும் மூடியைத் திறந்து
அளவுகோலை இறக்கினேன்.
நாலடி ரெண்டங்குலம்.
பதிவேட்டில் தொட்டி எண் என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதி,
அதற்குக் கீழே
கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு போட்டேன்.